அந்திப் பொழுதுக்கான மூலிகைக் குடிநீர்: தேர்வும் தயாரிப்பும்

மூலிகைத் தேநீர் என்று வழக்கில் அழைக்கப்படும் பானங்களில் பெரும்பாலானவற்றில் தேயிலை இருப்பதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் தேயிலை என்பதைக் கமேலியா சைனென்சிஸ் என்னும் ஒரே தாவரத்தின் தளிரிலிருந்து பெறப்படுவது என வரையறுத்துள்ளன. துளசி இலையையோ மல்லி விதையையோ வெந்நீரில் இட்டு வடிப்பது சித்த மருத்துவ வழக்கில் குடிநீர் எனப்படும். இலை, பூ போன்ற மென்மையான பொருள்களின்மேல் கொதித்த நீரை ஊற்றி மூடிவைத்து எடுப்பது ஊறல் என்றும், வேர், பட்டை, விதை போன்ற கடினமானவற்றை நீருடன் சேர்த்துக் காய்ச்சிச் சுண்டவைப்பது கஷாயம் அல்லது கியாழம் என்றும் பிரித்துச் சொல்லப்படும். இவ்வியல் இரண்டு வகையையும் எடுத்துக்கொண்டு, நாளின் வேலை முடிந்த பின் உடலும் மனமும் தளர்ந்து அடங்க உதவும் பானத்தைக் கீழப்பாவூர், பாவூர்சத்திரம், தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் வாழ்பவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கலாம் என்பதை விளக்குகிறது.

இவ்வட்டாரத்துக்குக் கஷாயம் புதிதன்று. அருவியின் குளிர்ச்சியிலேயே உறையும் குற்றாலநாதருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்துவிடக் கூடாது என்ற பரிவில், சுக்கு, மிளகு, கடுக்காய் முதலியவற்றைக் காய்ச்சிய கஷாயம் அக்கோயிலின் அர்த்தசாம பூசையில் நைவேத்தியமாகப் படைக்கப்படுகிறது. அந்தக் கஷாயத்தின் சரக்குகள் குளிரை விரட்டுவதற்கானவை. மன அமைதிக்கென அவற்றை நாள்தோறும் குடிக்கத் தொடங்கினால் கடுக்காய் வயிற்றைக் கழியச் செய்யும், மிளகு நெஞ்சை எரிக்கும். ஆனால் நாள் முடிவில், சிறிய அளவில், இளஞ்சூடாக, ஒரே ஒரு முறை என்ற அதன் நேர ஒழுங்கு, இவ்வியலில் வரும் எல்லாப் பானங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் விலக்க வேண்டியவை

அமைதி தரும் பானத்தைத் தேடுவோர் புதிதாக ஒன்றை வாங்குவதற்கு முன், அந்த நேரத்தில் ஏற்கெனவே எதைக் குடித்துவருகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். தேயிலையிலும் காப்பிக்கொட்டையிலும் இயற்கையாகவே உள்ள காஃபீன் ஓர் ஊக்கி; விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் சேர்ந்து தூக்க உணர்வை உண்டாக்கும் அடினோசின் என்ற பொருளின் வேலையை அது மறித்துவிடுகிறது. ஏறத்தாழ 240 மி.லி. கறுப்புத் தேநீரில் 40 முதல் 50 மில்லிகிராம் காஃபீனும், அதே அளவு வடிகட்டிய காப்பியில் அதைப்போல் இரு மடங்கும் இருக்கும். உட்கொண்ட காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது; கருவுற்ற பெண்களுக்கு இந்நேரம் மேலும் நீளும். ஆகவே மாலை 6 மணிக்குக் குடித்த தேநீரின் காஃபீனில் பாதி, இரவு 11 மணிக்குப் பாயில் படுக்கும்போதும் உடலில் இருக்கிறது.

கீழப்பாவூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றும் பெண்கள் கணக்கை முடிப்பதற்காக இரவு நெடுநேரம் மடியில் தட்டோடு அமர்ந்திருப்பதும், கண் சொக்காமல் இருக்க இடையிடையே பால் தேநீர் குடிப்பதும் வழக்கம். புகையிலைத் தூளைக் கையாளுவதால் நிகோட்டினும் சிறிதளவு உடலில் சேர்கிறது; அதுவும் ஊக்கியே. இத்தகையவர்கள் படுக்கும் முன் ஒரு தம்ளர் துளசிநீர் குடித்துவிட்டு உறக்கம் வரவில்லை என்று துளசியைக் குறை சொல்வதில் பொருளில்லை. மாலை 4 மணிக்குப் பிந்தைய தேநீரை நிறுத்துவதே அவர்களுக்கு முதல் மருந்து. வேலையின் காரணமாக முழுதும் நிறுத்த இயலாதவர்கள் அந்த வேளைத் தேநீரைப் பாதியளவாகக் குறைத்து, மீதிக்கு மல்லிநீரை வைத்துக்கொள்ளலாம்.

பச்சைத் தேநீர் எனப்படும் கிரீன் டீயைப் பலர் மூலிகை என்று எண்ணிக்கொள்கின்றனர். அதுவும் தேயிலையே; அதிலும் காஃபீன் உண்டு. துளசி கிரீன் டீ, மல்லிகை கிரீன் டீ என்று உறையில் பூவின் படமும் இலையின் படமும் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தாலும், உள்ளே பெரும்பகுதி தேயிலையாகவே இருக்கும். கருப்பட்டிக் காப்பியிலும் காப்பித்தூள் சேர்வதால் அதுவும் இரவுக்கு ஏற்றதன்று. சுக்குக் காப்பியில் பெயரளவில்தான் காப்பி இருக்கிறது; எனினும் சில தேநீர்க் கடைகளில் நிறத்துக்காகக் காப்பித்தூள் தூவுவதுண்டு என்பதால் கேட்டுத் தெரிந்துகொண்டு குடிப்பது நல்லது.

புறவாசலிலும் அஞ்சறைப்பெட்டியிலும் கிடைப்பவை

இப்பிரிவின் தொடக்கத்தில் சொல்லப்படும் நான்கு பொருள்களே இவ்வட்டாரத்து வாசகர் முதலில் முயன்று பார்க்கத் தக்கவை. விலை குறைவு என்பது இரண்டாவது காரணம். கண்ணால் பார்த்தும் கசக்கி முகர்ந்தும் இன்னதுதான் என்று உறுதிசெய்துகொள்ள முடிவதே முதற்காரணம்.

துளசியில், தண்டும் நரம்பும் கருஞ்சிவப்பாக உள்ள கருந்துளசியும், முழுதும் பச்சையாக உள்ள வெண்துளசியும் ஒரே இனத்தின் இரு வகைகள். இரண்டுமே குடிநீருக்கு ஏற்றவை. இலையை விரலிடையே கசக்கினால் கிராம்பின் மணம் எழ வேண்டும். கிராம்பிலும் துளசியிலும் யூஜினால் என்ற ஒரே எண்ணெய்ப் பொருள் இருப்பதே அதற்குக் காரணம். வயல் வரப்பிலும் பாதையோரத்திலும் தானே முளைக்கும் நாய்த்துளசியும், தோட்டத்துத் திருநீற்றுப்பச்சிலையும் உருவத்தில் நெருங்கியவை என்றாலும் மணத்தால் வேறுபட்டுவிடும். மன இறுக்கத்தைத் துளசி ஓரளவு தணிப்பதாகச் சிறிய மருத்துவ ஆய்வுகள் சில காட்டியுள்ளன; அவற்றில் பல, செறிவூட்டிய சாற்றை மாத்திரையாகக் கொடுத்துச் செய்தவை என்பதால், ஒரு கைப்பிடி இலை ஊறிய நீரும் அதே பயனைத் தரும் என்று கொள்ள முடியாது. துளசி இரத்தச் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்பதை நீரிழிவு மாத்திரை உண்போர் மனத்தில் கொள்ள வேண்டும்.

எலுமிச்சைப்புல் இரண்டாவது. ஒரு தூரை நட்டுவிட்டால் சமையலறைக் கழிவுநீர் பாயும் வாய்க்காலோரத்தில்கூடப் புதராகப் பெருகிவிடும். ஆனால் குடிப்பதற்கான தூரை அத்தகைய இடத்தில் வைக்கக் கூடாது. இதன் மணத்துக்குக் காரணமான சிட்ரால் என்ற பொருள் ஓலையில் மட்டுமன்றி அடித்தண்டிலும் இருக்கும். ஆகவே ஓலையை மட்டும் கத்தரித்துப் போடுவோர் மணத்தின் ஒரு பகுதியைப் புதரிலேயே விட்டுவிடுகின்றனர். விரல் நீள வெண்ணிற அடித்தண்டை அம்மியில் ஒரு தட்டுத் தட்டி, ஓலை இரண்டை முடிச்சாகக் கட்டி, இரண்டையும் சேர்த்துப் போடுவதே நல்ல முறை. கொசுவிரட்டி எண்ணெய் எடுக்கும் சிட்ரொனெல்லா புல் இதற்கு நெருங்கிய உறவு. அதன் அடித்தண்டு செந்நிறம் பாய்ந்திருக்கும், மணம் எலுமிச்சையைவிடச் சோப்பை நினைவூட்டும். அதைக் குடிநீருக்குப் பயன்படுத்தக் கூடாது. நாற்றுப்பண்ணையில் வாங்குவோர் அடித்தண்டைப் பார்த்து வாங்கினால் போதும்.

மூன்றாவதான மல்லி விதை இவ்வியலின் கணிப்பில் உரிய மதிப்பைப் பெறாத பொருள். விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் மானாவாரியாக விளையும் மல்லி, நீர்பாய்ச்சி விளைவித்த பருமனான மல்லியைவிடச் சிறியதாகவும் நிறம் மங்கியதாகவும் இருந்தாலும், மணத்தில் குறைந்ததன்று. மல்லி எண்ணெயின் பெரும்பகுதி லினலூல். லாவெண்டர் பூவின் புகழ்பெற்ற மணத்துக்கும் இதே பொருள் முதன்மையான காரணங்களுள் ஒன்று. பதற்றத்தை மல்லி தணிக்கிறது என்பதற்கான சான்று பெரும்பாலும் விலங்குகளில் செய்த ஆய்வுகளோடு நிற்கிறது. ஆயினும் இரவு உணவுக்குப் பின் வயிற்று உப்புசத்தால் உறக்கம் கெடுவோர் இவ்வட்டாரத்தில் மிகுதி. அவர்களுக்கு வயிறு இலேசாவதே மனமும் இலேசாவதற்கு வழி. வெறும் வாணலியில் மணம் எழும்வரை மட்டும் வறுத்து, நிறம் மாறும்முன் இறக்கி, ஒன்றிரண்டாகத் தட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கடைகளில் கிடைக்கும் சுக்குமல்லித் தூளில் சுக்கும் மிளகும் தூக்கலாக இருப்பது சளிக்கும் சாரல் குளிருக்கும் பொருத்தம். இரவுக்கென வீட்டில் இடிப்போர் மல்லி நான்கு பங்குக்குச் சுக்கு கால் பங்கு என்று வைத்து, மிளகை அறவே விட்டுவிடலாம்.

ஏலக்காய் தனியாக நிற்பதைவிட மற்ற மூன்றுக்கும் துணையாக நிற்பதே சிறப்பு. ஒரு தம்ளருக்கு ஒரு காய் போதும். தோலையும் சேர்த்தே நசுக்கிப் போடலாம்.

நீர்வளம் உள்ள ஊர்களில் வல்லாரையும் எளிதாகக் கிடைக்கும். கீழப்பாவூர்ப் பெரிய குளத்தின் கரையையும் சிற்றாற்றுப் பாசன வயல்களின் வரப்பையும் அறிந்தவர்களுக்குச் சிறுநீரக வடிவில் ஓரம் வளைவு வளைவாக வெட்டுண்ட அந்த இலையை அடையாளம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் ஈரநிலத்துத் தாவரம் தான் நிற்கும் நீரில் உள்ள சாக்கடைக் கழிவையும் பூச்சிமருந்தையும் தன்னுள் வாங்கிக்கொள்ளும். தொட்டியில் வளர்த்த வல்லாரையைப் பச்சையாக நான்கைந்து இலை மட்டும் எடுத்து ஊறலாக அருந்துவதில் தவறில்லை. வயலோரத்தில் பறித்ததைத் துவையலுக்குக்கூட நன்கு கழுவி வதக்கியே பயன்படுத்த வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் பிரமி என்று கேட்டால் ஒரு கடையில் வல்லாரைப் பொடியும் மற்றொரு கடையில் நீர்ப்பிரமிப் பொடியும் கிடைக்கும். இவை இரண்டும் வெவ்வேறு குடும்பத்துத் தாவரங்கள். நீர்ப்பிரமி நினைவாற்றலுக்காக ஆராயப்பட்டது, பல வாரங்கள் தொடர்ந்து உண்டபின் பயன் தெரிவதாகச் சொல்லப்படுவது. அன்றைய இரவின் களைப்பாறுதலுக்கு அதனால் பயனில்லை.

புதினா காஃபீன் இல்லாதது, நறுமணமானது. எனினும் உணவுக்குழாயின் கீழ்த்தசையைத் தளர்த்துவதால் நெஞ்செரிச்சல் உள்ளோருக்கு இரவில் ஆகாது. தரிசு நிலமெங்கும் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரம்பூவும், வேலியில் படரும் சங்குப்பூவும் அழகிய நிறமுள்ள பானங்களைத் தருகின்றன. மனத்தை அடக்கும் என்று அவற்றுக்குச் சொல்லப்படும் புகழைவிட அந்நிறம் உறுதியானது. ஆவாரம்பூ சர்க்கரையைக் குறைக்கும் மருந்துகளோடு சேர்ந்து செயல்படக்கூடும். இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைப்பதாக ஆராயப்பட்ட செம்பருத்தித் தேநீர், புளிச்சுவையுள்ள சிவப்புப் புல்லிதழ்களைக் கொண்ட புளிச்சக்கீரை இனத்தினுடையது. வீட்டு முற்றத்துச் செம்பருத்திப் பூவுக்கு அந்த முடிவுகளைப் பொருத்திப் பேசுவது பிழை. ரோஜா, சாமந்தி போன்றவற்றைச் சங்கரன்கோவில் போன்ற பூச்சந்தைகளில் வாங்கிக் குடிநீருக்குப் பயன்படுத்தவே கூடாது. மாலைக்காக வளர்க்கப்படும் பூவுக்கு, உண்ணும் காய்க்குள்ள மருந்து தெளிப்புக் கட்டுப்பாடு கிடையாது.

நன்னாரியைக் கோடைக்கான குளிர்பானமாக எல்லோரும் அறிவர். அதன் வேரைக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும் என்பதால், தட்டிய வேரை மண்பானைத் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைப்பதே முறை. வெட்டிவேருக்கும் அதுவே. பங்குனி, சித்திரை வெக்கையில் சூடான பானம் எதுவும் உள்ளே இறங்காத நாள்களில் இவ்விரண்டும் கைகொடுக்கும்.

சாதிக்காய்

குற்றாலத்தை எழுதும் எவரும் சாதிக்காயைத் தவிர்த்துவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார், கீழைத் தீவுகளில் விளைந்துவந்த நறுமணப் பயிர்களை இங்கே வளர்க்க முனைந்து, இம்மலையடிவாரத்தில் சாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டைத் தோட்டங்களை அமைத்தனர். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கணவாய் வழியே கொண்டுவரும் சாரலும் மலைச்சரிவின் நிழலும் அம்மரங்களுக்குப் பிடித்துப்போயின. ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் 1830களில் இங்கே தங்கிச் செடிகொடிகளைத் தொகுத்ததற்கும் இந்த ஈரவளமே காரணம். சீசன் காலத்தில் அருவிக்கரைக் கடைகளில் ரம்புட்டானுக்கும் மங்குஸ்தானுக்கும் அருகே, சிவந்த பத்திரி ஒட்டிய சாதிக்காயும் குவித்து வைக்கப்பட்டிருக்கும்.

வெதுவெதுப்பான பாலில் சாதிக்காயை உரைத்துக் குடித்தால் உறக்கம் வரும் என்பது இவ்வட்டாரத்துப் பாட்டிமார் கைமருந்து. அதில் அளவே எல்லாம். உரைகல்லில் நீர் விட்டு இரண்டு மூன்று சுற்று உரைத்தால் கல்லில் படியும் விழுது, அல்லது தூளாக்கினால் சுண்டுவிரல் நுனியில் ஒட்டும் சிட்டிகை, பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக்குப் போதும். சாதிக்காயில் உள்ள மிரிஸ்டிசின் என்ற பொருள் மிகுந்தால் படபடப்பு, நாவறட்சி, வாந்தி, மனக்குழப்பம், இல்லாததை இருப்பதாகக் காணும் நிலை ஆகியவை ஏற்படும். 5 கிராம் அளவே இந்த நஞ்சுத்தன்மைக்குப் போதுமானதாகப் பதிவாகியிருக்கிறது. ஓடு நீக்கிய ஒரு முழுக்கொட்டையின் எடையே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். அதன் வேலை மெதுவாகப் பல மணி நேரம் கழித்தே முற்றுவதால், உறக்கம் வரவில்லையே என்று இரண்டாம் முறையும் தூவிக்கொள்வோர்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கின்றனர். வாரத்தில் ஓரிரு நாளுக்கு மேல் வேண்டாம். கருவுற்றோர் அறவே தவிர்க்க வேண்டும். குழந்தைகளுக்கான உரைமருந்தில் சாதிக்காயோடு சேரும் வசம்பைப் பெரியவர்கள் சிலர் தம் குடிநீரிலும் போட்டுக்கொள்வதுண்டு. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் விலங்கு ஆய்வுகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968இலேயே உணவில் சேர்ப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. அதை விட்டுவிடுவதே அறிவுடைமை.

கடையில் வாங்கும்போது

சீமைச் சாமந்தி, கேமமைல் என்ற பெயரில் இப்போது பல்பொருள் அங்காடிகளிலும் கிடைக்கிறது. வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட இச்சிறுபூ உலகெங்கும் உறக்கத்துக்கான பானமாகப் பெயர் பெற்றது; இதிலுள்ள அபிஜெனின் என்ற பொருள் மூளையில் சில தூக்க மாத்திரைகள் பற்றும் அதே இடத்தில் இலேசாகப் பற்றுவதாக விளக்கப்படுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்பதற்றக் கோளாறு உள்ளோரிடம் இது மிதமான பயன் தந்தது. அங்கும் கொடுக்கப்பட்டது சாறு அடைத்த குப்பிமாத்திரையே, தேநீரன்று. வாங்குவோர் முழுப்பூவாக உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் பழுப்பேறிப் பொடிந்த பழைய சரக்கை இனங்கண்டு ஒதுக்கலாம். பையில் அடைத்த தூளில் அதற்கு வழியில்லை. நாட்டுச் சாமந்தி, பார்த்தீனியம் போன்ற அதே குடும்பத்துச் செடிகளால் தும்மலும் தோல் தடிப்பும் வருவோர் இதையும் ஐயத்துடனேயே தொட வேண்டும். வார்ஃபரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உண்போருக்கு இது ஆகாது.

ஆயத்த மூலிகைக் கலவைகளைப் பொறுத்தவரை, உறையின் முன்பக்கத்தைப் பார்ப்பதால் பயனில்லை. பின்பக்கத்தில் உட்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் நிற்கும் பொருளே மிகுதியானது. மனச்சாந்தி தரும் என்று விற்கப்படும் கலவையில் முதல் இடத்தில் தேயிலையோ, இனிப்புக்காக அதிமதுரமோ இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். அதிமதுர வேரில் உள்ள கிளைசிரைசின் உடலில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். தொண்டைக்கரகரப்புக்கு ஓரிரு நாள் சுவைப்பது வேறு, இரவுதோறும் குடிப்பது வேறு. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், தயாரித்த நாள், ஒவ்வொரு பொருளின் பெயர் ஆகிய மூன்றும் இல்லாத பொட்டலத்தைச் சுற்றுலாத் தலத்தின் நடைபாதையில் எவ்வளவு உருக்கமாகச் சொல்லி விற்றாலும் வாங்கக் கூடாது. பத்துப் பதினைந்து மூலிகை சேர்ந்தது என்பது விற்பவருக்குப் பெருமையாக இருக்கலாம். குடிப்பவருக்கு ஒவ்வாமை ஏற்பட்டால் எதனால் என்று கண்டுபிடிக்க வழியே இராது.

அமுக்கராக் கிழங்கும் சடாமாஞ்சிலும் தேநீர் வரிசையில் இன்று விற்கப்படுகின்றன. இவை மருந்துகள். அசுவகந்தா என்ற பெயரில் உலகெங்கும் பரவியுள்ள அமுக்கரா மன இறுக்கத்தைக் குறைப்பதற்கான சான்று மற்ற பலவற்றைவிட வலுவானதுதான். வலுவான பொருளுக்கு வலுவான பக்கவிளைவும் உண்டு. தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும், கல்லீரல் பாதிப்பு அரிதாகப் பதிவாகியுள்ளது, கருவுற்றோருக்கு ஆகாது. டென்மார்க் அரசு 2023இல் இதற்குத் தடையே விதித்தது. சடாமாஞ்சில் இமயமலை உச்சிகளில் வேரோடு பிடுங்கப்பட்டு அழிவின் விளிம்புக்குச் சென்றுவிட்ட செடி என்பதால் அதைக் களைப்பாற்றும் பானமாகக் குடிப்பது வேறொரு வகையிலும் தகாது. இதே எச்சரிக்கை அருகிலுள்ள மலைக்கும் பொருந்தும்: குற்றால மலைக்காடு பாதுகாக்கப்பட்ட வனம், செண்பகாதேவி அருவிக்கு ஏறும் வழியில் பச்சிலை பறித்துவருவது சட்டப்படி குற்றம், அடையாளம் தெரியாத இலையைக் குடிப்பது அதைவிட ஆபத்து.

காய்ச்சும் முறையும் அருந்தும் நேரமும்

துளசி, எலுமிச்சைப்புல், சீமைச் சாமந்தி ஆகிய மூன்றுக்கும் கொதிக்கும் நீரில் போட்டு மேலும் கொதிக்கவிடுவதே பொதுவாக நிகழும் தவறு. இவற்றின் பயன் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருப்பதால், சமையலறை முழுதும் மணக்கிறது என்றால் தம்ளரில் மணம் குறைந்துவிட்டது என்று பொருள். 150 மி.லி. நீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்த பின், பச்சிலையானால் ஏழெட்டு இலை அல்லது உலர்ந்ததானால் ஒரு தேக்கரண்டி போட்டு, பாத்திரத்தை உடனே மூடி, 5 முதல் 7 நிமிடம் கழித்து வடிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் முத்துமுத்தாகத் திரண்டிருக்கும் நீரையும் தம்ளருக்குள்ளேயே தட்டிவிட வேண்டும். எண்ணெய் அதில்தான் நிற்கும். மல்லிக்கும் ஏலக்காய்க்கும் தீயைக் குறைத்து, மூடியபடி, 5 நிமிடம் காய்ச்சினால் போதும். நேரம் மிஞ்சினால் துவர்ப்பு ஏறும்.

எவர்சில்வர், கண்ணாடி, மண் ஆகியவற்றாலான பாத்திரம் எதுவும் தகும். எலுமிச்சைச் சாறு பிழிவதாயிருந்தால் ஈயம் பூசாத பித்தளை, செம்பு, அலுமினிய ஏனங்களைத் தவிர்க்க வேண்டும்.

இனிப்பு இல்லாமல் பழகுவதே மேல். உடன்குடிக் கருப்பட்டி சிறிதளவு சேர்த்தால் மல்லிநீருக்குச் சுவை கூடும் என்பது உண்மை. கருப்பட்டியும் சர்க்கரையே என்பதும், நீரிழிவுக்காரருக்கு அதில் தனிச்சலுகை எதுவும் இல்லை என்பதும் உண்மை. சீனிப்பாகு கலந்த போலிக் கருப்பட்டி சந்தையில் மிகுதி. தேன் சேர்ப்போர் பானம் வெதுவெதுப்பான பின் சேர்க்கலாம்; ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது.

படுப்பதற்கு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு முன் அருந்துவதும், 150 மி.லி.யைத் தாண்டாமல் இருப்பதும் நல்லது. பெரிய லோட்டா நிறையக் குடித்துவிட்டு நள்ளிரவில் இரு முறை எழும் முதியவருக்கு எந்த மூலிகையும் உதவாது. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: இப்பானங்களின் வேதிப்பொருள்கள் மிக மெல்லியவை, அவற்றால் கிடைக்கும் அமைதியில் கணிசமான பங்கு, இளஞ்சூட்டாலும், கைப்பேசியை வைத்துவிட்டுத் திண்ணையில் கால்மணி நேரம் சும்மா அமர்வதாலும் வருகிறது. நின்றபடி ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீண்டும் திரையைப் பார்ப்பவருக்கு அந்தப் பங்கு கிடைக்காது. ஒரு பானத்தைத் தேர்ந்தவர் இரண்டு வாரம் வேறெதையும் மாற்றாமல் அதையே தொடர்ந்து அருந்தி, படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் நாட்காட்டியில் குறித்துவந்தால், அது தமக்கு உதவுகிறதா என்பது தெரிந்துவிடும்.

சேமிப்பில் இவ்வட்டாரத்துக்கென ஒரு சிக்கல் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசி, குற்றாலம் பகுதியில் சாரலால் காற்றில் எப்போதும் ஈரம் நிற்கும். கிழக்கே கீழப்பாவூரில் மழை குறைந்து காற்றே மிகுந்தாலும், வீட்டுக்குள் வைத்த உலர் இலை பதத்துப்போவது அங்கும் நிகழும். சித்திரை, வைகாசியில் நிழலில் உலர்த்திய துளசியைக் கையில் நொறுக்கினால் சலசலவென்று பொடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. பூஞ்சை வாடை சிறிதேனும் தட்டினால் வெயிலில் காயவைத்து மீட்கலாம் என்று எண்ணாமல் எருக்குழியில் கொட்டிவிட வேண்டும், ஏனெனில் பூஞ்சையின் நஞ்சு வெயிலுக்கும் கொதிநீருக்கும் முழுதும் அழிவதில்லை.

மருத்துவரைக் காண வேண்டிய நிலைகள்

வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதமோ அதற்கு மேலோ உறக்கமின்மை தொடர்ந்தால் மருத்துவர்கள் அதை நாட்பட்ட உறக்கமின்மை என்று வகைப்படுத்துகின்றனர். குடிநீரால் தீர்க்கும் எல்லையை அது தாண்டிவிட்டது. குறட்டையின் இடையே மூச்சு நின்று திணறி விழிப்பவர், காரணமின்றி உடல் மெலிந்து படபடப்போடு இருப்பவர், வாழ்வில் பிடிப்பே இல்லை என்று பேசத் தொடங்குபவர் ஆகியோர் காலந்தாழ்த்தாமல் செல்ல வேண்டும். மூலிகை வழியிலேயே சிகிச்சை விரும்புவோருக்குப் பாளையங்கோட்டையில் 1964 முதல் இயங்கிவரும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

எந்த மருத்துவரிடம் சென்றாலும், இரவில் குடித்துவரும் பானத்தை மருந்தன்று என்று கருதிச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. பொட்டலத்தை உறையோடு எடுத்துச் சென்று காட்டுவது நல்லது. தூக்க மாத்திரை, வலிப்புக்கான மருந்து, இரத்த உறைவுத் தடுப்பு மருந்து, சர்க்கரை மற்றும் இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றை உண்போருக்கு இது இன்றியமையாதது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் மூலிகைப் பொருள்களை இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு, நிறுத்திய நாளை மயக்கமருந்து மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.